மடியில வச்ச கை

இந்தா, மறுபடியும் ஏகாதிபத்தியத்துல இருந்து ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சேருதோம்னு ஒரு வரி சொல்லணும், அதுக்கு உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் கோவில்பட்டிக்கு வருவோம், அது நம்ம வழக்கம், அதை யாரு மாத்த. தீர்மானம் வாசிக்கிற தோழருக்கு மூக்குக்கண்ணாடி நிக்க மாட்டேங்கு, ஒரு விரலால தள்ளித் தள்ளி வாசிக்காரு. ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது, காத்து மட்டும் வரல. கல்யாண மண்டபம். மேடைக்கு அந்தப் பக்கம் மணமகன் அறைன்னு போர்டு, இந்தப் பக்கம் மணமகள் அறை. காலையில பிரதிநிதி அட்டை வாங்கப் போனா அவங்க கட்சிக்கு மணமகன் அறையில கொடுக்காங்க, எங்களுக்கு மணமகள் அறையில. கூட வந்த கற்பகவல்லி, அங்கன்வாடியில வேலை பாக்கிற பொண்ணு, "யக்கா, நாம பொண்ணு வீடு போல, வரதட்சணை கேட்டுறப் போறாங்க"ன்னா. சிரிச்சேன். காலையில சிரிக்க முடிஞ்சுது. டீக்கு அப்புறம்தான் சிரிப்பு போச்சு. நடுவுல வழி விட்டு ரெண்டு பக்கமும் நாற்காலி. வழியில சிவப்புக் கம்பளம், நேத்து யாரு கல்யாணத்துக்கோ விரிச்சது, இன்னும் அதுல அட்சதை கிடக்கு. அந்தப் பக்கம் மூணாவது வரிசையில ஓரமா ஒரு வெள்ளைத் தலை தெரியுதே, பின்மண்டை மட்டும், அதான் எங்க அண்ணன். கொண்டல்சாமி. தீப்பெட்டித் தொழிலாளர் சங்கம்னா அந்தக் காலத்துல அவர்தான். ஒரே வயித்துல பொறந்தவர். என் மக வாலன்டினா கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரல, அன்னையில இருந்து பேச்சு இல்ல. இப்ப என் மருமகன் தலையில பாதி முடி கிடையாது, அவ்வளவு வருசமாச்சு. இவரு வாசிச்சு முடிச்சதும் ஓட்டு. அட்டையத் தூக்கணும். அண்ணன் எதுக்குத் தூக்குதாருன்னு நான் பாக்கணும். நாட்டோட எதிர்காலம், உழைக்கும் வர்க்கத்தோட எதிர்காலம், எல்லாம் நீங்க பாத்துக்கோங்க தோழர்களே, என்னைய மன்னிக்கணும், எனக்கு இன்னைக்கு அந்த ஒரு கை எங்க போகுதுன்னு தெரிஞ்சாப் போதும்.

ஒரு காலத்துல ஒரே கட்சிதான், உழைப்பாளர் கட்சி. பிரிஞ்சு வந்தவங்க நாங்க. வந்த கையோட எங்களுக்கு நாங்களே பேரு வச்சுக்கிட்டோம், உழைப்பாளர் கட்சி, அடைப்புக்குறிக்குள்ள ஒற்றுமை. உடைச்சுக்கிட்டு வந்து ஒற்றுமைன்னு பேரு வச்ச கூட்டம் வேற எங்கயும் உண்டான்னு எனக்குத் தெரியல. அத்தனை வருசமா அந்த அடைப்புக்குறிக்குள்ளதான் குடித்தனம். எதுக்குப் பிரிஞ்சோம்? தேசிய முதலாளி கூட்டாளியா எதிரியான்னு. ராத்திரி பகலா அதே பேச்சு. நான் தேசிய முதலாளியக் கண்ணால பாத்ததே இல்ல, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியத்தான் பாத்திருக்கேன், அவர் கூட்டாளியா எதிரியான்னு எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்ல, சனிக்கிழமை கூலிக்கு நின்னா தெரிஞ்சுரும். எங்க வீட்டுக்காரர் பரமகுரு எதிரின்னாரு. அண்ணன் கூட்டாளின்னாரு. அண்ணன்தான் எனக்கு இவரைப் பாத்து முடிச்சது, "ஏ சீனி, மில்லுல ஃபிட்டரு, என் பக்கத்துல நின்னு கோஷம் போடுதவன், குரல் சுத்தமா இருக்கும்"னு குரலைச் சொல்லித்தான் மாப்பிள்ளை பாத்தாரு. அப்படி இருந்த ரெண்டு பேரும் ஒரு வார்த்தைக்காக எதிர் எதிரா நின்னாங்க. அப்பவும் அண்ணன் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வருவாரு, அது நிக்கல. நான்தான் ஒரு சட்டம் போட்டேன், என் வீட்டுல இலையில உக்காந்தா அரசியல் பேசப்படாது. புத்திசாலித்தனம்னு நினைச்சேன். அந்த ரெண்டு பேருக்கும் அரசியலைத் தவிர வேற பேச்சே தெரியாதுன்னு எனக்கு ஓடல. "கொழம்பு நல்லாருக்கு." "ஆமா, நல்லாருக்கு." "மழை வரும்போல." "வந்தா நல்லதுதான்." அப்புறம் தண்ணி குடிக்கிற சத்தம். இப்படியே ஆறேழு ஞாயிறு ஓடுச்சு, பிறகு ஒரு ஞாயிறு அண்ணனுக்கு வேலை வந்துச்சு, அடுத்த ஞாயிறும் வேலை. சண்டை போட விட்டிருக்கணும். இலையில அடிச்சுச் சண்டை போட்டிருந்தா சண்டை முடிக்கவாவது அடுத்த வாரம் வந்திருப்பாரு. அதுக்குப் பிறகு முனிசிபாலிட்டி எலெக்சன்ல ஒரே வார்டுல ரெண்டு பேரும் நின்னாங்க, மூணாவதா நின்ன வட்டிக்கடைக்காரன் ஜெயிச்சான். ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம், அவன் வெடி போட்டுக்கிட்டு எங்க தெருவழியாத்தான் போனான். ரெண்டு பேரும் வாசல்ல நின்னு பாத்தாங்க, அவரு அவர் வாசல்ல, இவரு இவர் வாசல்ல.

ஏகாதிபத்தியம் முடிஞ்சிருச்சு, இப்ப மதவாதம். நல்லாத்தான் எழுதியிருக்காங்க, குத்தம் சொல்லக் கூடாது. சேரணும்னு எங்க கிளையில முதல்ல பேசினதே நான்தான். "ரெண்டு கொடி, ரெண்டு உண்டியல், ரெண்டு மே தினம், ஜனங்க நம்மளப் பாத்துச் சிரிக்காங்க"ன்னு எழுந்து நின்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அன்னைக்கு ராத்திரி படுத்தா ஒரு பயம். கட்சி ரெண்டா இருக்கிற வரைக்கும் கட்சிய வையலாம். எங்க அண்ணன் தங்கமான மனுசன், கட்சிதான் தடுத்துருச்சுன்னு கேட்டவங்கட்ட எல்லாம் சொல்லிட்டேன், சம்பந்திகிட்டச் சொன்னேன், பக்கத்து வீட்டுல சொன்னேன், என் மககிட்டயும் அதையேதான் சொன்னேன். நாளைக்கு ஒரே கட்சி. ஒரே ஆபீஸு, ஒரே பெஞ்சு. அப்புறமும் அவரு என் வாசல்படி ஏறலைன்னா? அப்ப நான் யாரை வைய? தடுத்தது கட்சி இல்ல, அவருக்கே வர மனசில்லன்னு ஊருக்கே தெரிஞ்சு போயிருமே. இதை வெளிய சொல்ல முடியுமா, தீர்மானத்துக்குத் திருத்தம்னு எழுதிக் கொடுக்க முடியுமா? தோழர்களே, இணைப்பு வேண்டாம், எனக்கு எங்க அண்ணன் மேல இருக்கிற நம்பிக்கை போயிரும்னு. கற்பகவல்லி கடலைமிட்டாய் ஒண்ணை உடைச்சுப் பாதி நீட்டுதா. வேண்டாம் தாயி.

அவருக்கு மனசில்லாமப் போறதுக்கு முகாந்திரம் இருக்கு. அதுதான் என்னைய அரிக்கி. எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு. பஞ்சுத் தூசி தின்ன நெஞ்சு, இருமி இருமியே போனாரு. வாசல்ல கிடத்தி எங்க கொடியப் போத்தியிருந்தாங்க. நான் உள்ள பொம்பளைகளுக்கு நடுவுல இருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது, இது எல்லாம் மறுநாள் கேட்டது. அண்ணன் வந்திருக்காரு. கக்கத்துல ஒரு கொடி கொண்டு வந்திருக்காரு, அவங்க கட்சிக் கொடி, அதாவது பழைய கொடி, பிரியிறதுக்கு முன்னால எங்க வீட்டுக்காரர் மில் வாசல்ல ஏத்துனாரே அதே கொடி. ஓரமா இதையும் போத்திக்கிடுதேன்னிருக்காரு. எங்க ஆளு ஒருத்தன், பேரு சொல்ல மாட்டேன், அவனும் செத்துட்டான், "அது சரிவராது தோழர், நீங்க மாலை மட்டும் போடுங்க"ன்னுட்டான். அண்ணன் கொடிய நாலா மடிச்சு மறுபடி கக்கத்துல வச்சுக்கிட்டு, மாலையும் போடாம, சுடுகாடு வரைக்கும் கூட்டத்துக்குக் கடைசியில நடந்து வந்துட்டுப் போயிட்டாரு. ரெண்டு கொடியிலயும் என்ன வித்தியாசம்? நட்சத்திரம் இங்க இருக்கா அங்க இருக்கான்னு, அவ்வளவுதான். செத்த மனுசனுக்கு அது குத்துமா? நான் சொல்லித்தான் தடுத்தாங்கன்னு அண்ணன் நினைச்சிருப்பாரோ. தங்கச்சி உள்ளதான இருந்தா, அவ ஒரு வார்த்தை சொன்னா எவன் தடுப்பான்னு நினைச்சிருப்பாரோ. இல்லண்ணே, எனக்குத் தெரியாதுண்ணேன்னு போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லுவோம் சொல்லுவோம்னு இருந்து, முப்பதாம் நாள் முடிஞ்சு, வருசம் முடிஞ்சு, இனிமே போய் அதைக் கிளப்புனா கிளப்புன மாதிரி இருக்கும்னு விட்டேன்.

பிறகு வாலன்டினாவுக்குக் கல்யாணம் வந்துச்சு. அந்தப் பேரு அண்ணன் வச்சது. வானத்துக்குப் போயிட்டு வந்த ருஷ்யாக்காரி பேரு, "நம்ம பிள்ளையும் எங்கயாவது ஏறட்டும்"னு வச்சாரு, வச்சுட்டு அவரே வாலு வாலுன்னுதான் கூப்பிடுவாரு. தகப்பன் இல்லாத பிள்ளை. தட்டுல பழமும் பத்திரிகையும் வச்சு எடுத்துக்கிட்டு நானேதான் போனேன். அண்ணன் உக்காரச் சொன்னாரு, மயினி, அண்ணன் சம்சாரம், மோர் கொடுத்தாக. பத்திரிகையப் பிரிச்சு வாசிச்சாரு. தலைமைன்னு எங்க மாவட்டச் செயலாளர் பேரு போட்டிருந்துச்சு. நம்ம கல்யாணத்துல ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது, தலைமை தாங்குற தோழர்தான் எல்லாம். ஆனா மாலைய மட்டும் தாய்மாமன் எடுத்துக் கொடுக்கணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன், அது ஒண்ணை மட்டும் விட மாட்டேன்னு. கட்சியில சிலபேர் மூடப்பழக்கம்னாங்க, போங்கய்யா போங்கன்னேன். "அண்ணே, மாலை நீங்கதான் எடுத்துத் தரணும்"னேன். அண்ணன் பத்திரிகைய மடிச்சு உறைக்குள்ள போட்டாரு. மெதுவாப் போட்டாரு. "கமிட்டியில வச்சுட்டுச் சொல்லுதேன் சீனி"ன்னாரு. எனக்குப் புரியல. "எதை வைக்கணும்?" "இதைத்தான். அந்தக் கட்சித் தலைமையில நடக்கிற நிகழ்ச்சி. நான் பொறுப்புல இருக்கவன். கேக்காமப் போகப்படாது." நிகழ்ச்சி! தங்கச்சி மக கல்யாணம் நிகழ்ச்சியாம்! மயினி உள்ள இருந்து, "கூறுகெட்ட மனுசன்"னு சொன்னது வெளிய கேட்டுச்சு. நான் மோரைக் குடிச்சுட்டு வந்தேன். சிரிச்சுக்கிட்டே வந்தேன், சத்தியமா, தெருவெல்லாம் சிரிச்சேன், வந்துருவாரு, எங்க போயிருவாரு, தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னு. கல்யாணத்தன்னைக்கு மேடையில மாலை ரெண்டும் தட்டுல இருக்கு. வாலு குனிஞ்ச தலை நிமிந்து வாசலைப் பாக்கா. நான் பாக்கேன். செயலாளர் கடிகாரத்தைப் பாத்துட்டு, "எடுத்துக் கொடுத்துருவோமா"ன்னாரு. கொடுத்தாரு. அவருக்குச் சின்னக் கை, மாலை கனத்து ஒரு பூ உதிந்துச்சு.

அன்னையில இருந்து நான் நம்பினது இதுதான், கமிட்டி வேண்டாம்னு முடிவு பண்ணிருச்சு, அண்ணன் கட்டுப்பட்டுட்டாரு. பெரும்பான்மைன்னா பெரும்பான்மைதான், எங்க ஆளுகளும் அப்படித்தான, தலையை வெட்டணும்னு பெரும்பான்மையா முடிவு பண்ணினா கழுத்தை நீட்டிக்கிட்டு, "என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யுங்க"ன்னு சொல்லுத வம்சம். கோவம் இருந்துச்சு, ஆனா அந்தக் கோவம் கமிட்டி மேலதான். இன்னைக்கு டீ குடிக்கும்போது பூவலிங்கம் அண்ணாச்சி வந்து நின்னாரு. அண்ணன் கட்சி, அந்தக் கமிட்டியில அப்ப இருந்தவரு, இப்ப பல்லு இல்ல, வடைய டீயில நனைச்சுத் திங்காரு. "என்ன சீனியம்மா தோழர், ஒண்ணாச் சேந்தாச்சு, இனி உங்க அண்ணனுக்கு கமிட்டியில கேக்க வேண்டிய வேலை இல்ல"ன்னு சிரிச்சாரு. "நீங்கதான விடல"ன்னேன், நானும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். "நாங்களா? அட நீங்க ஒண்ணு. போகலாம்னு பாதிப்பேரு, போகப்படாதுன்னு பாதிப்பேரு, சமமா நின்னுச்சு. ஒரு ஓட்டு. உங்க அண்ணன் போட்டிருந்தாருன்னா முடிஞ்சுது சோலி. சொந்த விசயம், நான் போடப்படாதுன்னு கைய மடியில வச்சுக்கிட்டாரு. சமமா நின்னா தீர்மானம் விழுந்துச்சுன்னுதான அர்த்தம்? விழுந்துருச்சு"ன்னு சொல்லிட்டு வடையில மிச்சத்த வாயில போட்டாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்னாரு. எனக்கு டீ கிளாஸு கையில சுட்டுக்கிட்டே இருந்துச்சு, கீழ வைக்கணும்னு தோணல.

கைய மடியில வச்சுக்கிட்டாரு. என்ன மனுசன். அந்தக் கை எப்படிப்பட்ட கை. நான் பாவாடை கட்டுன பிள்ளையா தீப்பெட்டி ஆபீஸுல குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தப்ப, முதல் ஊர்வலத்துக்கு கூட்டிட்டுப் போயி, நான் வெக்கப்பட்டு கைய இடுப்பளவுல ஆட்டுனதைப் பாத்து, "ஏளா, கொசுவா வெரட்டுத? தூக்கு"ன்னு என் மணிக்கட்டைப் பிடிச்சு வானத்துக்குத் தூக்கி விட்ட கை. அந்தக் கைய மடியில வச்சுக்கிட்டாராம். அந்த விதியையும் அவர்தான் கொண்டு வந்தாரு, எனக்குத் தெரியும், எங்க பக்கத்துலகூட அப்ப மெச்சிக்கிட்டாங்க. சங்க ஆபீஸு வேலைக்கு ஒருத்தர் தன் மச்சினனுக்காகத் தானே கை தூக்கிட்டாருன்னு, தனக்கு லாபம் இருக்கிற விசயத்துல யாரும் ஓட்டுப் போடப்படாதுன்னு அண்ணன் விதி போட்டாரு. மச்சினனுக்கு வேலை வாங்குறதும் மருமகளுக்கு மாலை எடுத்துக் கொடுக்கிறதும் ஒண்ணா? லாபமாம்ல லாபம். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். இல்ல, அப்படியும் சொல்ல முடியாது, அவரு அந்த மாதிரி ஆளும் கிடையாது. இங்கதான் எனக்கு மாட்டிக்கிடுது. விதிக்காக வராம இருந்தாரா, வராம இருக்கிறதுக்கு விதியப் பிடிச்சுக்கிட்டாரா? கொடிய நாலா மடிச்சுக் கக்கத்துல வச்சவருக்கு மனசுல என்ன இருந்துச்சு? அந்தக் கமிட்டியில உக்காந்திருந்தப்ப, தூக்கவான்னு ஒரு தடவையாவது அந்தக் கை துடிச்சிருக்குமா, இல்ல நிம்மதியா இருந்துச்சா? பூவலிங்கத்துக்கிட்டக் கேக்கலாம், அண்ணாச்சி, மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு. அவருக்கு வடைதான் ஞாபகம் இருக்கும். அதான் சொல்லுதேன், இன்னைக்கு அந்தக் கை சொல்லிரும். சேரணும்னு தூக்குனாருன்னா என்கூடச் சேரணும்னுதான் அர்த்தம், மறுபேச்சு இல்ல. வேண்டாம்னு தூக்குனாருன்னா அதுவும் தெரிஞ்சு போச்சு. நேத்து ராத்திரி வாலு திருப்பூர்ல இருந்து போன் பண்ணினா. மாமா வருவாங்களாம்மான்னா. வருவாரு, பிரதிநிதிதானன்னேன். அதுக்கு வாலு, "பேசுனா நல்லா இருக்கீங்களான்னு மட்டும் கேளு. ஏன் வரலன்னு கேக்காத. இனிமே தெரிஞ்சு என்ன செய்ய"ன்னா.

"...ஆகவே, இரு கட்சிகளும் ஒரே கட்சியாக இணைவதென இந்தக் கூட்டு மாநாடு தீர்மானிக்கிறது." முடிச்சுட்டாரு. கண்ணாடியக் கழட்டித் துடைக்காரு. தலைமை தாங்குறது மரியசெல்வம், எங்க ஆளு, மைக்கைத் தட்டி, "ஆதரிக்கிற தோழர்கள் அட்டைய உயர்த்துங்க"ன்னாரு. சரசரன்னு எல்லாம் மேல போகுது, ரெண்டு பக்கமும், முன்னால இருக்கிறவங்க கை மறைக்கி, நான் எக்கி எக்கிப் பாக்கேன், கொஞ்சம் குனியுங்களேன், இந்த நெட்டையன் கைய இறக்குனா என்ன, அந்தா, ரெண்டு கைக்கு நடுவுல தெரியுது. வெள்ளைத் தலை. தோள்பட்டை ரெண்டும் கீழ இருக்கு. கை தூக்கல. தூக்கலையே! லேட்டாத் தூக்குவாரு, எப்பவும் யோசிச்சுத்தான் தூக்குவாரு, எண்ணுத தோழர்கள் நடுவுல இருக்கிற வழியில வாராங்க, அந்த வரிசையக் கடந்துட்டாங்க. தூக்கல. "இறக்கலாம்." சரி. தெரிஞ்சு போச்சு. கொடி விசயம்தான், வேற என்ன. உன் தங்கச்சி சொல்லித் தடுக்கலண்ணே, அதைச் சொல்லாம விட்டதுதான் என் பாவம். "எதிர்ப்பவர்கள்." அங்கங்க நாலஞ்சு அட்டை, எங்க பக்கத்துல ஒரு வாத்தியாரு, அவங்க பக்கத்துல சில இளவட்டங்க. கண்ணை மூடிக்கிடுவோமான்னு இருக்கு. மூடல. பாத்தேன். அண்ணன் கை அதுக்கும் மேல வரல. கீழதான் இருக்கு. எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும், இங்க இருந்து பாக்காமலே தெரியும். பாவி மனுசா, இன்னைக்குமா?

"நடுநிலை வகிக்கிறவங்க?" மரியசெல்வம் ஒப்புக்குத்தான் கேட்டாரு, பேனாவக்கூட மூடிட்டாரு. அப்ப மேல போச்சு. ஒத்தை அட்டை. மண்டபம் முழுக்க ஒரே ஒரு கை, சட்டைக் கை வழிஞ்சு முழங்கை வரைக்கும் தெரியுது, எலும்பும் நரம்புமா. எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. "காரணம் பதிவு பண்ணணும்னா பண்ணலாம் தோழர்." அண்ணன் முன் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருச்சாரு. முழங்கால் வலி போல, ஒரு பக்கம் சாஞ்சுதான் நிக்காரு. மைக் கொண்டு ஓடுனாங்க, வேண்டாம்னுட்டாரு. "தோழர் தலைவர் அவர்களே. தீர்மானத்துல எனக்கு ஒரு எழுத்துகூட மாத்துக் கருத்து கிடையாது. ஆனா இதுல எனக்குச் சொந்த லாபம் இருக்கு. எங்க கட்சி விதிப்படி நான் ஓட்டுப் போடப்படாது." யாரோ பின்னால இருந்து, "என்ன லாபம் தோழர், மந்திரி பதவியா?"ன்னாங்க. மண்டபம் சிரிச்சுது. அண்ணன் சிரிக்கல. சத்தமில்லாமத்தான் சொன்னாரு, ஆனா ஃபேன் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டுச்சு. "என் தங்கச்சி அந்தப் பக்கம் இருக்கா. சேந்துட்டா நான் அவ வீட்டுக்குப் போகலாம்." சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

ஆசைப்பட்டதுக்கு ஓட்டுப் போடக் கூடாதுன்னு ஒரு மனுசன் இருப்பானா. ஆசை ரொம்ப இருந்ததாலதான் கைய மடியில வச்சாராம், அன்னைக்கும், இன்னைக்கும். அட என் கூறுகெட்ட அண்ணே. அன்னைக்கு ஆசையக் கொஞ்சம் குறைச்சு வச்சிருக்கக் கூடாதா, மாலையாவது எடுத்துக் கொடுத்திருப்பியே. எனக்குக் கண்ணு மறைக்கி. மேடையில என்னமோ குசுகுசுன்னு பேசுதாங்க, எண்ணுத தோழர்கள் தாளைக் காட்டுதாங்க, மரியசெல்வம் மைக்குல, "ஒரு ஓட்டு குறையுது தோழர்களே, மூணுலயும் கை தூக்காத தோழர் யாரு?"ன்னாரு. கற்பகவல்லி என் தொடையில இடிச்சா. "யக்கா, நீங்க தூக்கவே இல்ல." குனிஞ்சு பாத்தேன். அட்டை மடியில இருக்கு, ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், வேர்த்து ஓரம் நைஞ்சு போயிருக்கு. எழுந்திருச்சேன். "நான்தான் தோழர். சீனியம்மாள். அவரு தங்கச்சி. எனக்கும் இதுல சொந்த லாபம்தான். ஆதரிச்சுப் போடுதேன், எழுதிக்கோங்க." அந்தப் பக்கத்துல ஒரு தோழர் எழுந்திருச்சு, விதி எல்லாருக்கும் பொதுவா இருக்கணும், அண்ணனுக்கு ஒண்ணு தங்கச்சிக்கு ஒண்ணான்னாரு. எங்கதான் இருந்தாங்களோ இப்படிப்பட்ட ஆளுங்க. "அது உங்க கட்சி விதி"ன்னேன். "நாம இன்னும் சேரல தோழர். நீங்க முடிவ வாசிக்கிற வரைக்கும் நான் வேற கட்சி." மண்டபம் ஓன்னு சிரிச்சுது, கை தட்டுச்சு, மரியசெல்வமும் சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டாரு. எனக்குச் சிரிப்பு வரல. அண்ணன் நாற்காலியோட திரும்பி என்னைப் பாத்தாரு. இத்தனை வருசத்துல பின்மண்டையும் முதுகும்தான் பாத்திருக்கேன், தெருவுல எதுத்தாப்ல வந்தா ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சுக்கிடுவோம். இப்பத்தான் மூஞ்சி. கன்னம் ஒட்டி, மீசை முழுக்க வெளுத்து, செத்துப்போன எங்க அய்யா மாதிரியே இருக்காரு. அன்னைக்கு மேடையில மாலைத் தட்டுப் பக்கத்துல நிக்க வேண்டிய ஆளுக்குக் கருத்த மீசை. முறுக்கி விட்டிருப்பாரு. முடிவ வாசிக்காங்க, சேந்தாச்சாம், ஒற்றுமை ஓங்குகன்னு எல்லாரும் எழுந்து நின்னு கைய உயர்த்துதாங்க. நான் கம்பளத்துல இறங்கி, அந்த அட்சதை மேல மிதிச்சு, அவர்கிட்டப் போறேன். அந்தக் கருத்த மீசைக்காரர இனிமே எந்த மாநாட்டுல தீர்மானம் போட்டுக் கூட்டிட்டு வர.